சாகாத ஃபிரேம்கள்: சுவிட்ச் நெட்வொர்க்கில் லூப்பைப் பிடிப்பதும் தடுப்பதும்

ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் உண்டு. அதன் தலைப்பில் டிடிஎல் என்று 8 பிட்டில் ஓர் எண் இருக்கும். ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். பூஜ்யமாகிவிட்டால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும். அதனால் ரவுட்டர்களுக்கு இடையே வழி தவறிச் சுற்றினாலும் அதிகபட்சம் 255 தாவலில் கதை முடிந்துவிடும். ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி ஓர் எண்ணே கிடையாது. போகவேண்டிய முகவரி, கிளம்பிய முகவரி, வகை, உள்ளே இருக்கும் சரக்கு, கடைசியில் பிழை பார்க்க 4 பைட், அவ்வளவுதான். எத்தனை சுவிட்சைத் தாண்டி வந்திருக்கிறோம் என்பது அதற்கும் தெரியாது, சுவிட்சுக்கும் தெரியாது. சுற்றிவர ஒரு பாதை, அதாவது லூப், கிடைத்துவிட்டால் யாராவது கேபிளைப் பிடுங்கும்வரை செக்கு மாடு போலச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஒரு சின்ன உதாரணத்தை நிதானமாகப் பார்த்துவிடலாம். ஏ, பி என்று இரண்டு சுவிட்ச். ஒரு கேபிள் போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று நடுவில் இரண்டு கேபிள் போட்டிருக்கிறார்கள். லூப்பைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ முறை அணைக்கப்பட்டிருக்கிறது. ஏ-யில் இருக்கும் ஒரு கணினி, "இந்த ஐபி யாருடையது?" என்று ஏஆர்பி கேள்வி ஒன்றை பிராட்காஸ்டாக, அதாவது எல்லோருக்கும் போகும்படி, அனுப்புகிறது. பிராட்காஸ்ட் வந்தால், வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டிலும் அனுப்புவது சுவிட்சின் வேலை. ஏ அதை இரண்டு கேபிளிலும் அனுப்பும். முதல் கேபிளில் வந்ததை பி இரண்டாவதில் திருப்பி விடும். இரண்டாவதில் வந்ததை முதலில் விடும். ஏ-யும் அதையே செய்யும். இப்போது ஒரே கேள்விக்கு இரண்டு பிரதிகள், ஒன்று வலமாக, ஒன்று இடமாக, ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் அந்த இரண்டு சுவிட்சிலும் இருக்கும் எல்லாக் கணினிக்கும் ஒரு பிரதி போகிறது.

லூப் என்றாலே ஒவ்வொரு சுற்றுக்கும் ஃபிரேம் இரட்டிப்பாகும் என்று பலர் சொல்வார்கள். இரண்டு கேபிளில் அப்படி ஆகாது. பிரதிகள் இரண்டோடு நிற்கும். மூன்றாவது கேபிளையும் செருகினால்தான், ஒன்றில் வந்தது மற்ற இரண்டிலும் போய், நிஜமாகவே பல்கிப் பெருகும். ஆனால் பெருகாத லூப்பே போதும் நெட்வொர்க்கைச் சாய்க்க. ஏஆர்பி ஃபிரேம் மிகச் சிறியது, 64 பைட். முன்னொட்டும் இடைவெளியும் சேர்த்தால் வயரில் 84 பைட் இடம் பிடிக்கும். 1 ஜிகாபிட் வயரில் அப்படி ஒரு நொடிக்கு அதிகபட்சம் சுமார் 14,88,000 ஃபிரேம் போகலாம். ஒரு முழுச் சுற்றுக்கு 10 மைக்ரோநொடி ஆகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஒரே ஃபிரேம் நொடிக்கு ஒரு லட்சம் முறை சுற்றும். அப்படியானால் பதினைந்து ஏஆர்பி சேர்ந்தாலே வயர் நிரம்பிவிடும். பதினைந்து ஏஆர்பி வருவதற்கு ஓர் அலுவலகத்தில் எவ்வளவு நேரம் ஆகும்? கேபிளைச் செருகியவர் நிமிர்வதற்குள் வந்துவிடும்.

ஆனால் நெட்வொர்க் சாவதற்கு வயர் நிரம்ப வேண்டும் என்றுகூட இல்லை. எந்தக் கணினி (அதன் வன்பொருள் முகவரிதான் மேக்) எந்தப் போர்ட்டில் என்று குறித்துவைக்கும் மேக் அட்டவணையை சுவிட்ச் எப்படி எழுதுகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு ஃபிரேம் எந்தப் போர்ட்டில் நுழைகிறதோ, அதைக் கிளப்பிய கணினி அந்தப் பக்கம் இருக்கிறது என்று நம்பிக்கொள்ளும். நம் கணினி 5-ஆம் போர்ட்டில் இருக்கிறது. ஆனால் அது அனுப்பிய பிராட்காஸ்ட் சுற்றிவந்து 24-ஆம் போர்ட்டில் நுழைகிறது. உடனே சுவிட்ச் அட்டவணையை மாற்றி எழுதும்: இந்தக் கணினி 24-இல். அடுத்து அந்தக் கணினிக்கு வரும் பதில் எல்லாம் 24-ஆம் போர்ட் வழியாக லூப்புக்குள் போய் விழும். கேட்டவனுக்குப் பதில் வராது. வெளியே போகும் வாசலான கேட்வேயின் மேக் முகவரியும் இப்படி இடம் மாறத் தொடங்கினால், வயரில் பாதி இடம் காலியாக இருந்தாலும் யாருக்கும் எதுவும் திறக்காது. என்னைக் கேட்டால், லூப்பை டிராஃபிக் பிரச்சினையாக நினைப்பதுதான் முதல் தவறு. எது எங்கே இருக்கிறது என்பதில் சுவிட்சுக்கு வந்த குழப்பம் அது. கண்டுபிடிக்கவும் அந்தக் குழப்பத்தின் தடயத்தைத்தான் தேட வேண்டும்.

லூப் எங்கிருந்து வருகிறது

சர்வர் அறையில் இருந்து வருவது அபூர்வம். அங்கே வேலை செய்பவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று ஓரளவு தெரியும். லூப்பின் பிறப்பிடம் மேசைக்கு அடியில்.

ஓர் அலுவலகத்தில் நான் பார்த்தது இது. கூட்ட அறையில் மேசை மேல் ஒரு பேட்ச் கேபிள் கிடந்தது. ஒரு முனை சுவர் சாக்கெட்டில், மறுமுனை சும்மா. அறையை ஒழுங்குபடுத்திய யாரோ ஒருவர், நல்ல எண்ணத்தோடு, தொங்கும் முனையைப் பக்கத்து சாக்கெட்டில் செருகிவிட்டுப் போயிருக்கிறார். மாடி முழுவதும் நெட்வொர்க் நின்றுபோனது. இணைய சேவை நிறுவனத்துக்குப் போன் மேல் போன். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் யாருக்கோ அந்த அறைக்குள் எட்டிப் பார்க்கத் தோன்றியது.

ஐபி போனில் இரண்டு போர்ட் இருக்கும், ஒன்று சுவருக்கு, ஒன்று கணினிக்கு. மேசை மாற்றும்போது இரண்டையும் சுவரில் செருகிவிடுபவர்கள் உண்டு. சாக்கெட் பற்றாமல் வாங்கி வைத்த ஐந்து போர்ட் மினி சுவிட்ச் இன்னொரு வழக்கமான குற்றவாளி. மெஷ் வைஃபை கருவிகள் காற்றில் ஒரு பாதை வைத்திருக்கும்போதே அவற்றைக் கேபிளாலும் இணைப்பது, லேப்டாப்பில் வைஃபையையும் வயரையும் பிரிட்ஜ் செய்வது, விர்ச்சுவல் மெஷின் ஒன்று இரண்டு நெட்வொர்க் கார்டுகளைப் பாலம் போட்டு வைப்பது, இவையெல்லாமும் அதே ரகம்.

விவரம் தெரிந்தவர் கையாலும் ஒன்று நடக்கும். இரண்டு கேபிளைச் சேர்த்து ஒரே இணைப்பாக்க, இரு சுவிட்சும் தங்களுக்குள் பேசி ஒத்துக்கொள்ளும் எல்ஏசிபி போடுகிறோம். அதைப் பேசாமல் நிலையாகக் கட்டி, ஒரு பக்கம் கட்டிவிட்டு மறுபக்கம் மறந்துபோனால், ஒருவர் ஒரே இணைப்பு என்கிறார், மற்றவர் இரண்டு என்கிறார். ஒரு கேபிளில் அனுப்பியது மற்றதில் அனுப்பியவருக்கே திரும்பி வந்து, மேக் அட்டவணைக் குழப்பம் தொடங்கிவிடும். நிலைக் கட்டு வேண்டாம், எல்ஏசிபி பேச விடுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

மரம் எப்படிக் காக்கிறது

லூப்புக்கு மருந்து 1985-லேயே வந்துவிட்டது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்த ரேடியா பெர்ல்மன் ஸ்பானிங் ட்ரீ முறையை வடிவமைத்தார். கூடவே அதை விளக்கி ஒரு குட்டிக் கவிதையும் எழுதினார். 1990-இல் அது ஐஇஇஇ 802.1டி தரமாயிற்று. யோசனை எளியது: சுவிட்சுகள் பிபிடியு என்ற சிறு செய்தியை 2 நொடிக்கு ஒருமுறை பரிமாறி, தங்களுக்குள் ஒருவரை ரூட்டாகத் தேர்ந்தெடுக்கும். ஒவ்வொரு சுவிட்சும் ரூட்டுக்குப் போக மிகச் செலவு குறைந்த வழியை வைத்துக்கொள்ளும். வட்டத்தை உண்டாக்கும் மிச்ச வழிகள் அடைக்கப்படும். கேபிள் அப்படியே இருக்கும், போக்குவரத்து மட்டும் நிற்கும். நல்ல வழி அறுந்தால் அடைத்தது திறக்கும்.

பழைய ஸ்பானிங் ட்ரீ முறையில், அதாவது எஸ்டிபியில், ஒரு போர்ட் உயிர் பெற்றால் கேட்க 15 நொடி, கற்க 15 நொடி என்று 30 நொடி காத்திருக்கும். அதற்குள் கணினி டிஹெச்சிபி மூலம் ஐபி முகவரி கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே வைத்துக்கொள்ளும். இதைப் பார்த்து, "எஸ்டிபிதான் தொல்லை" என்று ஒரேயடியாக அணைத்துவிட்ட நிர்வாகிகள் எத்தனை பேர்! கணினி மாட்டும் போர்ட்டுகளில் மட்டும், காத்திருக்காமல் உடனே திறக்கும் போர்ட்ஃபாஸ்ட் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். 2001-இல் வந்த 802.1டபிள்யூ, அதாவது ஆர்எஸ்டிபி, சுவிட்சுகளுக்கு இடையேயான காத்திருப்பையும் பெரும்பாலும் ஒரு நொடிக்குள் கொண்டுவந்துவிட்டது. இன்றைக்குப் பழைய எஸ்டிபியை ஓடவிட ஒரு காரணமும் இல்லை.

ஆனால் ஸ்பானிங் ட்ரீக்கு ஒரு விபரீத குணம் இருக்கிறது. அடைபட்ட போர்ட் அடைபட்டே இருப்பது, எதிர்ப் பக்கத்திலிருந்து பிபிடியு வந்துகொண்டே இருப்பதால். வருவது நின்றால், "எதிரே யாரும் இல்லை" என்று முடிவு செய்து அது திறந்துவிடும். ஃபைபரில் ஓர் இழை மட்டும் பழுதாகி ஒரு திசை செத்தாலும் இதுதான் நடக்கும். லூப் கிளப்பும் ஃபிரேம் புயலில் சிக்கிய சுவிட்சின் சிபியு திணறி பிபிடியு அனுப்ப மறந்தாலும் இதுதான் நடக்கும். லூப் சிபியுவைத் திணறடிக்கும். திணறல் இன்னும் சில போர்ட்டுகளைத் திறந்துவிடும். அதனால் லூப் பெருகும். காவலுக்கு வைத்ததே கதவைத் திறந்துவிடும் நிலை.

பாஸ்டனில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையத்தில் 2002 நவம்பரில் நடந்ததை நெட்வொர்க் உலகம் இன்னும் பாடமாகச் சொல்கிறது. ஒன்றோடொன்று ஒட்டி ஒட்டி, ஸ்பானிங் ட்ரீ தாங்கும் அளவைத் தாண்டி வளர்ந்துவிட்ட நெட்வொர்க் அது. எஸ்டிபியின் இயல்பான நேர அளவுகள், கடைக்கோடிக்குக் கடைக்கோடி 7 சுவிட்சுக்கு மேல் இருக்காது என்ற கணக்கில் வைக்கப்பட்டவை. சுமை ஏறியதும் மரம் குலைந்தது. ஏறக்குறைய நான்கு நாள் மருத்துவமனை காகிதத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அதன் தகவல் தொழில்நுட்பத் தலைவர் ஜான் ஹாலம்கா நடந்ததை மறைக்காமல் வெளியே சொன்னதால்தான் மற்றவர்களும் கற்றுக்கொள்ள முடிந்தது.

புயலுக்கு நடுவே

அறிகுறிகள் கூட்டமாக வரும். சுவிட்சின் விளக்குகள் எல்லாம் ஒரே தாளத்தில் வெறி பிடித்ததுபோல மினுக்கும். கேட்வேக்குப் பிங் ஒன்று போகும், நான்கு தொலையும். போன்கள் பதிவை இழக்கும், வைஃபையும் சேர்ந்து படுக்கும், தூரத்திலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக சுவிட்சுக்குள் நுழைய முடியாது. ஒரு விலானில் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) நடக்கும் லூப் அடுத்த விலானுக்குள் நேராகப் பாயாது என்றாலும், சுவிட்சுகளை இணைக்கும் டிரங்க் கேபிள் எல்லா விலானுக்கும் பொது. அது நிரம்பினால் எல்லோருக்கும் அடி.

இந்த நேரத்தில் கை தானாக மின் சுவிட்சுக்குப் போகும். போக விடாதீர்கள். எல்லாவற்றையும் அணைத்துப் போட்டால் சில நிமிடம் நிம்மதி கிடைக்கும். சுவிட்சுகள் எழுந்ததும் புயலும் எழும். நடுவில், நினைவகத்தில் இருந்த லாக் மட்டும் அழிந்துபோயிருக்கும். நமக்கு வேண்டிய ஒரே சாட்சி அதுதான்.

நெட்வொர்க் இல்லாமலே சுவிட்சோடு நேரடியாகப் பேச உதவும் கன்சோல் கேபிளை எடுத்துக்கொண்டு மையச் சுவிட்சுக்குப் போங்கள். முதலில் பார்க்க வேண்டியது லாக்கில் மேக் ஃபிளாப் வரிகள்: இந்த மேக் இந்தப் போர்ட்டுக்கும் அந்தப் போர்ட்டுக்கும் நடுவே தாவுகிறது என்று சுவிட்சே சொல்லும். ஒரே ஒரு மேக் தாவினால் அவசரப்பட வேண்டாம். வைஃபையில் ஒருவர் இடம் மாறி நடந்திருக்கலாம், விர்ச்சுவல் மெஷின் ஒன்று சர்வர் மாறியிருக்கலாம். டஜன் கணக்கில் தாவினால், அதுவும் கேட்வேயின் மேக்கும் அதில் இருந்தால், சந்தேகம் வேண்டாம். அந்த வரிகளில் ஒவ்வொரு மேக்குக்கும் இரண்டு போர்ட் வரும். ஒன்று அதன் நிஜமான இடம், மற்றது லூப் இருக்கும் திசை. எல்லா வரிக்கும் பொதுவாக வரும் போர்ட் எதுவோ, அதன் பக்கம் நடக்க வேண்டும்.

அடுத்தது போர்ட் கணக்கு. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. புதியவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இதில்தான். புயலில் எல்லாப் போர்ட்டும் பரபரப்பாகத் தெரியும். ஆனால் பெரும்பாலான போர்ட்டுகளில் சுவிட்சிலிருந்து வெளியே போகும் கணக்கு மட்டும்தான் உச்சத்தில் இருக்கும். அவை அடி வாங்குபவை. உள்ளே வரும் பிராட்காஸ்ட் எந்தப் போர்ட்டில் உச்சத்தில் இருக்கிறதோ, அதுதான் லூப்பில் இருக்கிறது, அல்லது லூப்பை நோக்கிப் போகிறது. மையச் சுவிட்சில் அப்படி ஓர் அப்லிங்க் (இன்னொரு சுவிட்சுக்கான இணைப்பு) தெரிந்தால் அதன் மறுமுனைச் சுவிட்சுக்குப் போய் அதே கேள்வியைக் கேளுங்கள். இரண்டு மூன்று தாவலில், ஒரு மேசைக்கோ ஓர் அறைக்கோ போகும் சாதாரணப் போர்ட்டில் வந்து நிற்பீர்கள். ஒற்றைக் கணினி நொடிக்கு லட்சம் பிராட்காஸ்ட் அனுப்பாது. அந்தக் கேபிளின் மறுமுனையில் யாரோ எதையோ செருகியிருக்கிறார்கள்.

ஸ்பானிங் ட்ரீயின் விவரத்தைக் கேட்டால், மரம் எத்தனை முறை மாறியது, கடைசி மாற்றச் செய்தி எந்தப் போர்ட்டிலிருந்து வந்தது என்று சொல்லும். திடீரென ஏறிய எண்ணிக்கை ஒரு திசையைக் காட்டும்.

வயரில் போவதைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருள் கையில் இருந்தால் சில நொடி பிடித்துப் பார்க்கலாம், அதற்கு மேல் லேப்டாப்பே திணறும். ஒரே ஏஆர்பி கேள்வி மைக்ரோநொடி இடைவெளியில் ஆயிரக்கணக்கில் வந்தால் லூப். ஐபி பாக்கெட்டாக இருந்தால் அடையாள எண்ணையும் டிடிஎல்லையும் பாருங்கள். இரண்டும் மாறாமல் ஒரே பாக்கெட் திரும்பத் திரும்ப வந்தால் சுவிட்ச் லூப். அடையாள எண் அதேதான், ஆனால் டிடிஎல் படிப்படியாகக் குறைகிறது என்றால் அது ரவுட்டிங் லூப். நீங்கள் தேட வேண்டிய இடமே வேறு.

கன்சோலும் பதில் சொல்லவில்லை, அல்லது நிர்வகிக்க முடியாத சுவிட்சுகள்தான் இருக்கின்றன என்றால் பழைய வழிதான்: ஒவ்வொன்றாகப் பிடுங்குவது. பிடுங்குமுன் எந்தக் கேபிள் எந்தப் போர்ட் என்று ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். மையத்திலிருந்து அப்லிங்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொரு முறையும் விளக்குகளைப் பாருங்கள். சரியான கேபிள் கழன்றால் புயல் மெல்ல மெல்லத் தணியாது, அந்தக் கணமே சட்டென்று அடங்கும். திரும்பச் செருகும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் விடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செருகிவிட்டு, "மறுபடியும் வந்துவிட்டது, எதனால் என்று தெரியவில்லை" என்று நிற்பவர்கள் உண்டு.

வந்து வந்து போகும் லூப்தான் உண்மையான தலைவலி. யாரோ ஒருவர் காலையில் லேப்டாப்பை டாக்கில் வைக்கும்போது மட்டும் வரும், அவர் எழுந்து போனதும் போய்விடும். இதற்கு நேரில் ஓடிப் பிரயோசனம் இல்லை. லாக்குகளை வெளியே ஒரு சர்வருக்கு அனுப்பி வையுங்கள். ஒவ்வொரு அப்லிங்கின் பிராட்காஸ்ட் விகிதத்தையும் நிமிடத்துக்கு நிமிடம் வரைபடமாக்குங்கள். ஒரு வாரத்தில் நேரமும் போர்ட்டும் தானாகப் பொருந்தி வரும்.

எதை எங்கே போடுவது

முதல் வேலை, ரூட் யார் என்பதை நீங்கள் தீர்மானிப்பது. எல்லாச் சுவிட்சிலும் முன்னுரிமை எண் இயல்பாக 32768. சமமாக இருந்தால் மேக் முகவரி சிறியது ஜெயிக்கும்; பல இடங்களில் அது ஒரு மூலையில் தூசி படிந்து கிடக்கும் மிகப் பழைய சுவிட்சாக இருக்கும். மொத்த நெட்வொர்க்கும் அதைத் தலைவனாக வைத்துக்கொண்டு ஓடும். மையச் சுவிட்சுக்கு 4096, அதற்கு மாற்றுக்கு 8192 என்று வைத்துவிடுங்கள். எண் 4096-இன் மடங்காக இருக்க வேண்டும். கீழ்நோக்கிப் போகும் போர்ட்டுகளில் ரூட் கார்டு போட்டால் வேறு யாரும் அந்த நாற்காலிக்கு வர முடியாது.

மேசைக்குப் போகும் ஒவ்வொரு போர்ட்டிலும் போர்ட்ஃபாஸ்டும் பிபிடியு கார்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். கூட்ட அறைக் கேபிளை நினைத்துப் பாருங்கள். போர்ட்ஃபாஸ்ட் இருந்தாலும் போர்ட் பிபிடியு அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். அது பக்கத்து சாக்கெட் வழியாகத் திரும்பி வந்ததும், கணினி இருக்க வேண்டிய இடத்தில் சுவிட்சின் குரல் கேட்கிறதே என்று பிபிடியு கார்டு போர்ட்டை மூடிவிடும். சேதம் அந்த ஒரு சாக்கெட்டோடு முடியும். இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது பிபிடியு ஃபில்டர். போர்ட்டில் நேரடியாக அதைப் போட்டால் பிபிடியு போகவும் போகாது, வந்தால் பார்க்கவும் படாது. அந்தப் போர்ட்டில் ஸ்பானிங் ட்ரீயே இல்லை என்று அர்த்தம். பெயர் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் தவறுதலாகப் போட்டவர்களை நான் அறிவேன்.

மலிவான மினி சுவிட்சுகள் இந்த ஏற்பாட்டில் ஓட்டை போடும். அவற்றுக்கு ஸ்பானிங் ட்ரீ தெரியாது. சில பிபிடியுவை அப்படியே கடத்திவிடும். அப்படியானால் அதற்குள் ஒரு லூப் விழுந்தாலும் நம் பிபிடியு நமக்கே திரும்பி வரும், கார்டு பிடித்துவிடும். சில விழுங்கிவிடும். அங்கே நம் சுவிட்ச் குருடு. அதற்காகத்தான் பல நிறுவனங்கள் தங்கள் சுவிட்சுகளில் லூப்பேக் கண்டறிதல், லூப் பாதுகாப்பு என்ற பெயர்களில் தனிச் சோதனை ஃபிரேம் அனுப்பும் வசதி வைத்திருக்கின்றன. போர்ட்டுக்கு இத்தனை மேக்தான் என்று வரம்பு கட்டுவதும் இங்கே உதவும்.

ஸ்டார்ம் கண்ட்ரோல் கடைசி அரண். பிராட்காஸ்ட் வரம்பு மீறினால் மிச்சத்தை வீசும், அல்லது போர்ட்டையே மூடும். லூப்பை அது ஒழிக்காது, ஆனால் நீங்கள் உள்ளே நுழைந்து பார்க்கும் அளவுக்கு சிபியுவுக்கு மூச்சு விட வைக்கும். சுவிட்சுகளுக்கு இடையேயான ஃபைபரில், ஒரு திசை செத்ததைக் கண்டுபிடிக்கும் யுடிஎல்டியும், பிபிடியு நின்றாலும் போர்ட்டைத் திறக்க விடாத லூப் கார்டை அடைபட்டு இருக்க வேண்டிய போர்ட்டுகளிலும் போட்டுவிட்டால், மேலே சொன்ன ஒற்றைத் திசைக் கோளாறில் மரம் தவறாகத் திறக்காது. பெரிய இடங்களில் லேயர் 2-வை, அதாவது சுவிட்ச் மட்டத்தை, ஒரு மாடியோடு நிறுத்தி மேலே ரவுட்டிங் போடுவதுதான் தெளிவான வழி. அங்கே தவறு நடந்தாலும் டிடிஎல் இருக்கிறது.

இவ்வளவும் போட்டபின் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். ஆள் இல்லாத நேரத்தில், முன்கூட்டியே சொல்லிவிட்டு, கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டு, கூட்ட அறையில் இரண்டு சாக்கெட்டுக்கு நடுவே ஒரு கேபிளைச் செருகுங்கள். போர்ட் மூடிய செய்தி இரண்டு நொடிக்குள் திரையில் வர வேண்டும். வராமல் விளக்குகள் ஒன்றாக மினுக்க ஆரம்பித்தால், கேபிள் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது; பிடுங்கிவிட்டு, எந்தப் போர்ட்டில் கார்டு விட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள்.